மிசிசிப்பியிலிருந்து பிரம்மபுத்திராவுக்கு ஒரு பாட்டு

போன மாசம் வீட்டில் ஒரு சின்னச் சண்டை. பெரிதாக ஒன்றுமில்லை. ஒன்பதாவது படிக்கும் மகள் இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, அவ்வளவுதான். சண்டைக்குக் காரணம் ஒரு பாட்டு. தப்பு என் பேரில்தான். ஆனால் அந்தத் தப்பைச் சரிபார்க்கப் போன இடத்தில் கிட்டத்தட்ட நூறு வருஷத்துக் கதை ஒன்று மாட்டியது. பி.காம். முடித்துவிட்டு பாங்கில் குப்பை கொட்டுகிறவனுக்கு அமெரிக்க நாடக மேடையைப் பற்றி எழுத என்ன தகுதி என்று கேட்பீர்கள். ஒரு தகுதியும் இல்லை. வுட்ஹவுஸ் பைத்தியம் என்பது ஒன்றுதான்.

ஆமாம், ஆரம்பித்து வைத்தவர் அந்த மனுஷர்தான். ஜீவ்ஸ் கதை எழுதிய பி.ஜி. வுட்ஹவுஸை நமக்கு நாவலாசிரியராக மட்டும்தான் தெரியும். திருச்சியில் காலேஜ் படித்த நாட்களில் வாடகை நூலகத்தில் அட்டை கிழிந்த புத்தகமாக எடுத்து வந்து, வகுப்பில் மேஜைக்கடியில் வைத்துப் படித்திருக்கிறேன். அவர் நியூயார்க்கில் மேடைப் பாடலாசிரியராகவும் சக்கைப்போடு போட்டவர் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. 1910-களில் அங்கே பிரின்சஸ் தியேட்டர் என்று ஒரு சின்ன அரங்கம், முந்நூறு பேர் உட்காரலாம். வுட்ஹவுஸ் பாட்டெழுத, ஜெரோம் கெர்ன் மெட்டுப் போட, கய் போல்டன் கதை வசனம் பார்த்துக்கொள்ள, அந்தக் காலத்தில் மூன்று பேரும் சேர்ந்து வரிசையாக இசை நாடகங்கள் போட்டார்கள். 1918-ல் 'ஓ, லேடி! லேடி!!' என்ற நாடகத்துக்காக 'பில்' என்று ஒரு பாட்டு. அழகனும் இல்லை, கெட்டிக்காரனும் இல்லை, ரொம்ப சாதாரணமான ஒருத்தன், ஆனாலும் அவன்தான் வேணும் என்று ஒரு பெண் பாடுவது. நாடகத்துக்குப் பொருந்தவில்லை என்று எடுத்துவிட்டார்கள். பாட்டு ஒன்பது வருஷம் பெட்டிக்குள் கிடந்தது.

1927-ல் கெர்ன் அதைத் தூசி தட்டி எடுத்தார். 'ஷோ போட்' என்ற நாடகத்தில் ஹெலன் மார்கன் பியானோவின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு அதைப் பாட, ஊரே உருகிப்போனது. அந்த நாடகத்தின் பாடலாசிரியர் ஆஸ்கார் ஹாமர்ஸ்டைன். 'பில்' வரிகளில் அவர் கொஞ்சம் கை வைத்தார். எல்லோரும் அதை ஹாமர்ஸ்டைன் பாட்டு என்றே பாராட்டிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அது உறுத்தியிருக்க வேண்டும். 1946-ல் நாடகத்தை மறுபடி மேடையேற்றியபோது, இது என் பாட்டில்லை, வுட்ஹவுஸ் எழுதியது என்று நிகழ்ச்சிக் குறிப்பிலேயே அச்சடித்துக் கொடுத்தார். யார் எழுதிய வரி யாருடையது என்பதில் அவ்வளவு கறார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அந்த 'பில்'லைத் தேடித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் 'ஷோ போட்' 1936 சினிமாவைப் பார்க்க உட்கார்ந்தேன். படம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆற்றங்கரை. மூட்டை தூக்கும் ஒரு கறுப்பினத் தொழிலாளி உட்கார்ந்துகொண்டு பாட ஆரம்பிக்கிறார். குரலா அது! கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. பாடுகிறவர் பால் ரோப்சன். பாட்டு 'ஓல்ட் மேன் ரிவர்'. இரண்டு நிமிஷம் கேட்டதும் எனக்குச் சுரீரென்றது. இது நான் குவாஹாட்டி வந்து இறங்கிய வருஷத்திலிருந்து பூஜைப் பந்தலிலும், பிஹு மேடையிலும், கிளையின் ஓய்வுபெறும் விழாக்களிலும் கேட்டுக் கேட்டுக் காதில் ஊறிப்போன பூபேன் ஹசாரிகாவின் 'பிஸ்தீர்ண பாரரே' ஆயிற்றே! மெட்டு அச்சு அசல் இல்லை. ஆனால் அதே கனம், அதே ஆறு, கரையில் நின்று அதைப் பார்க்கும் அதே மனுஷன்.

கண்டுபிடித்துவிட்ட மிதப்பில் உள்ளே குரல் கொடுத்தேன். "இங்க வா, உங்க பூபேன்தா எங்கேர்ந்து அடிச்சிருக்கார்னு வந்து பாரு!"

வந்து நின்று முழுப் பாட்டையும் கேட்டாள். "அப்பா, அது எங்க பாட்டு. காப்பின்னு சொல்லாதீங்க" என்றாள். போய்விட்டாள்.

தங்கமணி அடுக்களையிலிருந்து, "தேவையா உங்களுக்கு?" என்றாள். எனக்குக் காப்பி என்ற வார்த்தையை விட 'எங்க' என்ற வார்த்தைதான் குத்தியது. நம்ம பாட்டு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் 'உங்க பூபேன்தா' என்று முதலில் ஆரம்பித்தது யார், நான்தானே. மூன்று வருஷ வடகிழக்கு போஸ்டிங் என்று வந்து, பிறகு கேட்டு வாங்கி நீட்டித்து, நடுவில் கொல்கத்தா போய்த் திரும்பி வந்து, அவள் இந்த ஊர்ப் பெண்ணாகவே வளர்ந்துவிட்டாள். அவள் கணக்கில் எது அவள் பக்கம், எது என் பக்கம் என்று நான் கேட்டதே இல்லை.

சரி, கதைக்கு வருகிறேன்.

அமெரிக்காவில் 'ஸ்டாண்டர்ட்' என்று ஒரு பாட்டைச் சொன்னால், அதை எந்தப் பாடகரும் எந்த மேடையிலும் தன் பாணியில் எடுத்துப் பாடலாம் என்று அர்த்தம். நம் கச்சேரியில் எந்த வித்வானும் எடுத்துக்கொள்ளும் உருப்படி மாதிரி. அப்படிப்பட்ட பாட்டுகளில் பெரும்பங்கு நியூயார்க் பிராட்வே நாடகங்களுக்காக எழுதியவை. கதையும் பாத்திரமும் ஜனங்களுக்கு மறந்துபோகும், பாட்டு மட்டும் நிற்கும். பாங்க் பாஷையில் சொன்னால், கம்பெனி திவாலாகி இருபது வருஷம் ஆன பிறகும் அதன் ஒரு சொத்து மட்டும் வட்டி ஈட்டிக்கொண்டே இருக்கிற மாதிரி. 'வெரி வார்ம் ஃபார் மே' என்று 1939-ல் இதே கெர்ன், ஹாமர்ஸ்டைன் ஜோடி போட்ட நாடகம் 59 காட்சிகளோடு படுத்துவிட்டது. அதிலிருந்த 'ஆல் தி திங்ஸ் யு ஆர்' ஜாஸ் கலைஞர்களின் செல்லப்பிள்ளை ஆகி இன்றும் வாசிக்கப்படுகிறது. கெர்ஷ்வின் சகோதரர்களின் 'தி மேன் ஐ லவ்' கதை இன்னும் வேடிக்கை. 1924-ல் ஒரு நாடகத்திலிருந்து தூக்கினார்கள், 1927-ல் இன்னொன்றில் வைத்துப் பார்த்தார்கள், எதிலும் நிலைக்கவில்லை. சொந்த வீடே இல்லாமல் உலகம் சுற்றிய பாட்டு.

நாடகத்துக்குள் இருக்கும்போது ஒரு பாட்டுக்கு ஒரு வேலை இருக்கும். வெளியே வந்ததும் அந்த வேலை போய்விடும். 'மை ஃபேவரிட் திங்ஸ்' பாட்டை சினிமாவில் இடி மின்னலுக்குப் பயந்த குழந்தைகளுக்கு டீச்சர் பாடுவதாகத்தான் நமக்குத் தெரியும். 1959-ல் மேடையில் வந்தபோது அதை மரியாவும் மடத்துத் தலைவியும் சேர்ந்து பாடினார்கள். 1960-ல் ஜான் கோல்ட்ரேன் அதை எடுத்து பதிமூன்று நிமிஷத்துக்கு மேல் சாக்ஸபோனில் ஊதித் தள்ளினார். இப்போது அமெரிக்காவில் அது கிறிஸ்துமஸ் பாட்டாம்! 1945-ல் 'கரோசல்' நாடகத்தில் புருஷனை இழந்து நிற்கும் பெண்ணுக்கு ஆறுதலாக வரும் 'யூ'ல் நெவர் வாக் அலோன்' இன்று லிவர்பூல் கால்பந்து ரசிகர்களின் பாட்டு. 1963-ல் அந்த ஊர்க் குழு ஒன்று ரிக்கார்டு போட்டதிலிருந்து தொற்றிக்கொண்டது. அதைப் பாடும் ஆயிரக்கணக்கான பேரில் எத்தனை பேருக்கு அந்த விதவையைத் தெரியும்?

ஆனால் 'ஓல்ட் மேன் ரிவர்' விஷயம் வேறு. அது நாடகத்தை விட்டு வெளியே வந்த பிறகு சும்மா இருக்கவில்லை.

எட்னா ஃபெர்பர் 1926-ல் 'ஷோ போட்' நாவலை எழுதினார். மிசிசிப்பி ஆற்றில் ஊர் ஊராகப் போய் நாடகம் போடும் ஒரு படகின் கதை. (பூபேன் ஹசாரிகா சதியாவில் பிறந்ததும் அதே 1926. தற்செயல்தான், ஆனாலும் எனக்கு இந்த மாதிரி தற்செயல்கள் பிடிக்கும்.) ஒரு நாடகக் குடும்பத்தின் நாற்பது வருஷக் கதை என்பதால் கெர்ன் மேடையேற்றலாம் என்றதும் பலர் சிரித்தார்கள். அதுவரை பிராட்வே இசை நாடகம் என்றால் காதல், கிச்சுகிச்சு, வரிசையாகக் கால் தூக்கி ஆடும் பெண்கள். தயாரித்தவர் ஃபுளோரன்ஸ் ஸீக்ஃபெல்ட், அந்த வரிசைப் பெண்களுக்கே பேர்போனவர்! 1927 டிசம்பர் 27 அன்று முதல் காட்சி. திரை தூக்கியதும் ஜனங்கள் பார்த்தது பஞ்சு மூட்டை சுமக்கும் கறுப்பினத் தொழிலாளர்களை.

கதையில் ஜூலி என்று ஒரு நடிகை. வெள்ளைக்காரி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் ஒரு நாள் ஒரு பாட்டை முணுமுணுக்கிறாள். சமையல்காரி குவீனி நிமிர்ந்து பார்க்கிறாள். இது எங்க ஜனங்க மட்டும் பாடற பாட்டாச்சே, உனக்கு எப்படித் தெரியும்? ஜூலி திடுக்கிட்டுப் போகிறாள். அவள் அம்மா கறுப்பினத்தவள் என்ற ரகசியத்தின் முதல் நூல் அங்கே பிரிகிறது. அந்த மாநிலத்தில் கலப்பு மணம் குற்றம். போலீஸ் வருகிறது என்று தெரிந்ததும் புருஷன் ஸ்டீவ் அவள் கையைக் கத்தியால் கீறி அந்த ரத்தத்தை உறிஞ்சிக்கொள்கிறான். என் உடம்பிலும் கறுப்பு ரத்தம் இருக்கிறது என்று சத்தியம் செய்ய. ஜூலி பாடிய அந்தப் பாட்டும் 'கான்'ட் ஹெல்ப் லவ்வின்' தட் மேன்' என்று பின்னால் ஸ்டாண்டர்ட் ஆனது. ஓட்டல் பியானோக்களில் மெத்தென்று வாசிக்கிறார்கள். ஒரு குடும்பத்தைக் காட்டிக்கொடுத்த பாட்டு என்று கேட்கிறவருக்குத் தெரியவே தெரியாது.

'எங்க பாட்டு' என்ற இரண்டு சொல்லுக்கு இவ்வளவு பாரம் இருக்கும் என்று எனக்கு இங்கேதான் உறைத்தது.

நாற்பது வருஷம் ஓடும் கதையைக் கட்டிப்போட ஒரு கயிறு வேண்டும் என்று ஹாமர்ஸ்டைன் தேடினார். ஆறுதான் கயிறு என்று முடிவு செய்தார். ஆற்றைப் பற்றி ஒரு பாட்டு வேண்டும் என்று கெர்னிடம் கேட்டால் அவருக்கு நேரமில்லையாம். நாடகப் படகு ஊருக்குள் வரும்போது ஒலிக்கும் துள்ளல் மெட்டையே வேகம் குறைத்துத் தாருங்கள் என்று இவர் யோசனை சொன்னதாகக் கதை. கெர்ன் அதைத் திருப்பிப் போட்டு, இழுத்து, அடிமட்டத்தில் ஆரம்பித்து ஒன்றரை ஸ்தாயிக்கும் மேல் ஏறிப் போகிற ஒரு மெட்டாக்கினார். பல்லவிப் பகுதி பெரும்பாலும் ஐந்தே சுரங்களுக்குள் நடக்கிறது. நம்ம மோகனத்தின் அதே ஐந்து. அதனால்தானோ என்னவோ, கேட்கும் எவருக்கும் இது யாரோ எழுதிய பாட்டு என்று தோன்றுவதில்லை, காலங்காலமாக இருந்த நாட்டுப்பாட்டு என்றே தோன்றுகிறது. அடிமைகள் காலத்துப் பாட்டு என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் இன்றும் உண்டு. எழுதியவர்கள் இருவரும் நியூயார்க்கில் பிறந்த வெள்ளைக்காரர்கள். ஹாமர்ஸ்டைன் இதே வித்தையைக் கடைசியிலும் ஒரு தடவை செய்தார். நம் கான்வென்ட் பிள்ளைகள் ஆஸ்திரிய நாட்டுப்பாட்டு என்று நினைத்துப் பாடும் 'எடல்வைஸ்' அவர் 1959-ல் 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' நாடகத்துக்கு எழுதியது. அடுத்த வருஷம் இறந்துபோனார். அதுதான் அவருடைய கடைசிப் பாட்டு. (அந்த நாடகத்தின் நிழல்தான் 1969-ல் நம்ம ஊர் 'சாந்தி நிலையம்'. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இன்னொரு பதிவு ஆகும்.)

பாட்டில் என்ன இருக்கிறது? ஜோ என்ற தொழிலாளி ஆற்றைப் பார்க்கிறான். நாங்கள் இங்கே முதுகொடிய மூட்டை சுமக்கிறோம், அடிபடுகிறோம், வாழவும் முடியவில்லை, சாகவும் தைரியமில்லை. இந்தக் கிழட்டு ஆற்றுக்கு எல்லாம் தெரியும், ஒன்றும் சொல்லாது, பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். இதுதான் சாரம். அந்த 1927-ல் அமெரிக்கர்களுக்கு மிசிசிப்பி வெறும் கற்பனை ஆறு இல்லை. அந்த வருஷ வசந்தத்தில் வந்த வெள்ளம் அவர்கள் சரித்திரத்திலேயே பெரிய வெள்ளங்களில் ஒன்று. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் வீடிழந்தார்கள். கரையை உயர்த்த மண் மூட்டை சுமந்ததில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். சில முகாம்களில் துப்பாக்கியோடு காவல் நின்று வேலை வாங்கியிருக்கிறார்கள். இங்கே ஜூன், ஜூலையில் பிரம்மபுத்திரா பொங்கும்போது ஆற்றுத் திட்டுகளில், இவர்கள் 'சர்' என்று சொல்லும் மணல் தீவுகளில், கடன் வசூலுக்கும் கடன் ஒத்திவைப்புக்கும் படகில் போயிருக்கிறேன். போன வருஷம் வயல் இருந்த இடத்தில் தண்ணீர் இருக்கும். அடமானப் பத்திரம் பத்திரமாக பாங்க் லாக்கரில் இருக்கும், நிலம் இருக்காது. கரையில் நிற்கிறவர்கள் ஆற்றைத் திட்டிக் கேட்டதே இல்லை நான். சும்மா பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஜோ மாதிரி.

நாடகம் 572 காட்சிகள் ஓடியது. ரிக்கார்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1928 ஜனவரியிலேயே பால் வைட்மன் வாத்தியக் குழு, பிங் கிராஸ்பியைப் பாட வைத்து, டான்ஸ் ஆடுவதற்குத் தோதாக வேகவேகமாக ஒரு பதிவு. மூட்டை தூக்கும் பாட்டுக்கு ஜோடி சேர்ந்து ஆட்டம்! 1946-ல் ஒரு சினிமாவில் ஃபிராங்க் சினாட்ரா வெள்ளைக் கோட்டு சூட்டு, வெள்ளை மேடை என்று நின்று இதைப் பாடுவார். அந்தக் காட்சியைப் பார்த்தால் ஆறும் தெரியாது, மூட்டையும் தெரியாது. சினாட்ரா நன்றாகத்தான் பாடுகிறார். எனக்குத்தான் ஒட்டவில்லை.

இந்த வேடத்தை பால் ரோப்சனை மனதில் வைத்துத்தான் எழுதினார்கள். ஒத்திகை தள்ளிப் போனதில் அவரால் முதல் முறை நடிக்க முடியாமல், ஜூல்ஸ் பிளெட்ஸோ பாடினார். ரோப்சன் 1928-ல் லண்டனில் பாடினார், 1932-ல் நியூயார்க்கில், 1936-ல் சினிமாவில். அப்பா அடிமையாகப் பிறந்து தப்பி ஓடி வந்து பாதிரியார் ஆனவர். மகன் சட்டம் படித்தவர், கால்பந்து வீரர், நடிகர், பாடகர். இத்தனை இருந்தும் மேடையில் அவருக்குக் கிடைத்த புகழ்பெற்ற வேடம், எதையும் எதிர்க்காத ஒரு மூட்டை தூக்கி. அதோடு அன்று நாடகத்தில் கேட்கும் முதல் சொல்லே கறுப்பினத்தவரை இழிவாகச் சொல்லும் அந்தச் சொல். அதை எப்படி நீ பாடலாம் என்று கறுப்பினப் பத்திரிகைகள் கேட்டன. சினிமாவில் அதை வேறு சொல்லாக மாற்றினார்கள், 1946-ல் இன்னொன்றாக, பிறகு இன்னொன்றாக. இப்படி மாற்றி மாற்றியும் தீரவில்லை. 1993-ல் டொரோண்டோவில் நாடகத்தைப் புதிதாகப் போட்டபோது அரங்குக்கு வெளியே கறுப்பின மக்கள் ஆர்ப்பாட்டம் செய்தார்கள்.

ரோப்சன் அந்த ஒரு சொல்லோடு நிற்கவில்லை. 1930-களின் பிற்பகுதியில், ஸ்பெயின் உள்நாட்டுப் போரைப் போய்ப் பார்த்து வந்த காலத்தில், தன் கச்சேரிகளில் வரிகளையே மாற்றிப் பாட ஆரம்பித்தார். குடித்துவிட்டு ஜெயிலுக்குப் போகிறவனை, கொஞ்சம் தைரியம் காட்டியதற்காக ஜெயிலுக்குப் போகிறவன் ஆக்கினார். வாழ்க்கையில் அலுப்பு, சாவில் பயம் என்றிருந்த இடத்தில், சாகும்வரை போராட்டம் என்று வைத்தார். மெட்டு அதேதான். நாலைந்து சொற்கள்தான் மாறின. ஜோ எழுந்து நின்றுவிட்டான்.

ஹாமர்ஸ்டைனுக்குக் கோபம் வந்தது. என் வரிகளை மாற்ற எனக்கும் உத்தேசமில்லை, வேறு யாரையும் விடுவதாகவும் இல்லை, ரோப்சன் வேண்டுமானால் சொந்தமாகப் பாட்டு எழுதிக்கொள்ளட்டும் என்கிற தோரணையில் பேசினார். இவர் இனவெறியர் இல்லை. கலப்பு மணக் கதையை அந்தக் காலத்தில் மேடையில் வைத்தவர். வுட்ஹவுஸ் பெயரைத் தேடி அச்சடித்துக் கொடுத்த அதே நேர்மைதான் இங்கே வேறு முகத்தோடு வருகிறது. வரி எழுதியவனுடையது. சட்டப்படி அவர் பக்கம்தான் நியாயம், பாங்க்காரனாக நானும் கையெழுத்தை மாற்றினால் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனாலும் என் ஓட்டு ரோப்சனுக்குத்தான். அந்த வரிகளை ஊர் ஊராக, மேடை மேடையாக நின்று தன் வாயால் சொல்ல வேண்டியிருந்தது அவர், ஹாமர்ஸ்டைன் இல்லை.

அதற்கு விலையும் கொடுத்தார். 1949-ல் பீக்ஸ்கில்லில் அவர் கச்சேரிக்கு வந்தவர்களைக் கல்லால் அடித்தார்கள். 1950-ல் பாஸ்போர்ட்டைப் பறித்தார்கள். அரங்கங்கள் கதவடைத்தன, வருமானம் சில வருஷங்களில் பாதாளத்துக்குப் போனது. 1952-ல் கனடா எல்லையில் இந்தப் பக்கம் ஒரு லாரியின் மேல் நின்றுகொண்டு, அந்தப் பக்கம் நின்ற ஜனங்களுக்கும் சேர்த்துப் பாடினார். 1957-ல் கடலடித் தொலைபேசிக் கம்பி வழியாக லண்டன் அரங்கத்துக்கும், பிறகு வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்களுக்கும் பாடினார். 1958-ல் பாஸ்போர்ட் திரும்பி வந்தது. அதே வருஷம் அவருடைய 60-வது பிறந்தநாளை இந்தியாவிலும் கொண்டாடினார்கள், நேருவே ஆதரித்தார். அமெரிக்க அரசுக்கு அது ரசிக்கவில்லை. 1960-ல் சிட்னியில், பாதி கட்டிய ஓபரா ஹவுஸில் சாரத்தில் நின்ற தொழிலாளர்களுக்கு அவர் இந்தப் பாட்டைப் பாடும் படத்துண்டு இருக்கிறது. தேடிப் பாருங்கள். கோட்டு போட்டுக்கொண்டு, ஒரு கையைக் காதில் வைத்துக்கொண்டு பாடுவார்.

இனி நம் ஊர். 1949-ல் அசாமிலிருந்து ஒரு இளைஞர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்க நியூயார்க் போகிறார். 1952-ல் முனைவர் பட்டம். நடுவில் ரோப்சனைச் சந்திக்கிறார், பழகுகிறார். வாத்தியம் என்பது வாசிக்க மட்டும் இல்லை, சமூகத்தை மாற்றும் கருவி என்று ரோப்சன் சொன்னதை பூபேன் ஹசாரிகா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். வருஷங்களைக் கவனியுங்கள். அவர் ரோப்சனைக் கேட்ட காலம், ரோப்சன் மாற்றிய வரிகளைப் பாடிக்கொண்டிருந்த காலம். பிராட்வே ஜோ இல்லை, எழுந்து நின்ற ஜோ.

ஊர் திரும்பிய ஹசாரிகா மொழிபெயர்க்க உட்காரவில்லை. அவர் பாட்டில் மனுஷன் ஆற்றைப் பற்றிப் பாடுவதில்லை, ஆற்றிடமே கேட்கிறான். இரண்டு கரையிலும் இத்தனை ஜனங்கள் கதறுகிறார்கள், கேட்டும் கேட்காத மாதிரி ஏன் ஓடுகிறாய், கிழட்டு லுயித்தே? லுயித் என்பது பிரம்மபுத்திராவுக்கு இவர்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர். ஹாமர்ஸ்டைனின் ஆறு பேசாமல் ஓடுவது உலக நியதி. ரோப்சன் அந்த நியதிக்கு முன்னால் மனுஷனைப் போராட வைத்தார். ஹசாரிகா ஆற்றையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டார். இதைப் போய் நான் காப்பி என்றேன். பிறகு வங்காளியில் அதே பாட்டு கங்கையிடம் கேட்டது, இந்தியில் நரேந்திர சர்மாவின் வரிகளில் கேட்டது. வங்காளிகள் எங்கள் பாட்டு என்பார்கள், இந்திக்காரர்களும் அப்படியே. 2011 நவம்பரில் ஹசாரிகா இறந்தபோது குவாஹாட்டித் தெருக்களில் திரண்ட கூட்டத்தை எங்கள் கிளைத் தலைமைக் காசாளர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கறார் ஆசாமி, பத்து ரூபாய் வித்தியாசம் வந்தால் சாப்பிடப் போகமாட்டார். அதைச் சொல்லும்போது மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஹசாரிகா இறந்தது நவம்பர் 5. ஜெரோம் கெர்ன் 1945-ல் நியூயார்க் நடைபாதையில் மயங்கி விழுந்ததும் ஒரு நவம்பர் 5. 'ஷோ போட்' மறு மேடையேற்ற வேலையாக ஊருக்கு வந்திருந்தார். யார் எவர் என்று தெரியாமல் பொது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். சட்டைப்பையில் பாட்டெழுதுவோர் ராயல்டி சங்கத்தின் உறுப்பினர் அட்டை இருந்தது. அதை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடித்தார்கள். ஆறு நாள் கழித்து இறந்தபோது ஹாமர்ஸ்டைன் பக்கத்தில் இருந்தார்.

இத்தனையையும் மூன்றாம் நாள் ராத்திரி சாப்பாட்டு வேளையில் மகளிடம் சொன்னேன். முதலில் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். ஜூலி கதை வந்ததும் நிமிர்ந்தாள். கடைசியில் ஒரு கேள்வி. "அப்போ ஹாமர்ஸ்டைன் பூபேன்தா மேல கேஸ் போட்டிருப்பாராப்பா?"

போட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை என்றேன். இப்போது அந்தக் கவலையும் இல்லை. 1927-ல் வந்த பாட்டுக்கு அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 அன்று காப்புரிமை முடிந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் மாற்றிப் பாடலாம்.

"ரோப்சன் அதுக்கெல்லாம் காத்திருக்கலையே" என்றாள்.

போன வாரம் அவள் பள்ளிக்கூட விழாவில் இந்தப் பாட்டு. பெற்றோர்களும் கூடப் பாடலாம் என்றார்களாம். எனக்கு அசாமிய எழுத்து இன்னும் தட்டுத்தடுமாற்றம்தான். ஒரு முழுத்தாளில் பாட்டு முழுவதையும் தமிழ் எழுத்தில் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தாள். லீவுக்கு ஊருக்குப் போகும்போது பாட்டி தினத்தந்தியை வைத்துக் கற்றுக்கொடுத்த எழுத்து. 'ர'வுக்கும் 'ற'வுக்கும் தகராறு. நடுநடுவே ஆய்த எழுத்து நிறையத் தென்பட்டது. இது எதுக்கு என்று கேட்டேன். அசாமியர்கள் 'ஸ' எழுதியிருக்கும் இடத்தில் தொண்டையிலிருந்து ஒரு காற்று விடுவார்களே, அதற்குத் தமிழில் வேறு எழுத்து இல்லை, அதனால் மூன்று புள்ளியை வைத்திருக்கிறாள். "அந்த எடத்துல கொஞ்சம் காத்து விடணும்ப்பா, ஸ-ன்னு சொல்லிடாதீங்க, எல்லாரும் சிரிப்பாங்க."

நான் ஸ என்றுதான் சொன்னேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரிக்கவில்லை, மரியாதைக்கு. அவள் மேடையிலிருந்து பார்த்துவிட்டாள் :-)